தகடு சிறுத்தாலும் கணக்குப் பெரிது

"கடுகு சிறுத்தாலும் காரம் போகாது" என்பது நம் முன்னோர் வாக்கு. கடுகைவிட மெல்லிய ஒரு பொருளைப் பற்றி இக்கட்டுரையில் காண்போம். நடுவில் துளையிட்டு வளையம் போல் வெட்டிய சின்ன எஃகுத் தகடு அது. நம் நோட்டுத் தாளைவிட மெல்லியதும் உண்டு. தபால் அட்டையைவிடத் தடித்ததும் உண்டு. பட்டறையில் இதனைச் 'சிம்' என்றும் 'சிம் தகடு' என்றும் அழைப்பர். கைப்பேசிக்குள் போடும் சிம்முக்கும் இதற்கும் யாதொரு உறவும் இல்லை!

இத்தகடு நம் வாழ்க்கையோடு எவ்வாறு தொடர்புடையது என்று தோழியர் கேட்கலாம். விடியுமுன் எழுந்து, தூக்குச் சட்டியில் சோற்றை எடுத்துக்கொண்டு ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஜீப் ஏறும் தாய்மார் நம் ஊரில் எத்தனை பேர்! அவர்கள் ஏறும் வண்டியின் பின் அச்சுக்குள், எண்ணெயில் மூழ்கி, யார் கண்ணிலும் படாமல் இத்தகடுகள் இருக்கின்றன. வண்டியைப் பிரித்து மாட்டும்போது இவற்றின் கணக்குத் தவறினால் என்ன ஆகும், தவறாமல் காப்பது எப்படி என்பதே நம் பொருள்.

மலையும் வண்டியும்

போடிநாயக்கனூரிலிருந்து குரங்கணிக்குச் செல்லும் சாலை மேற்குத் தொடர்ச்சி மலையின் காலடியில் போய் நிற்கிறது. அங்கிருந்து டாப் ஸ்டேஷனுக்கு மலைப்பாதையில் நடந்துதான் ஏற வேண்டும். இந்தச் சரிவில் சுமையை இறக்குவதற்கு நம் முன்னோர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமன்று. 1902ஆம் ஆண்டில் மூணாற்றுப் பக்கம் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாளப் பாதை ஒன்று அமைத்தார்கள். 1908இல் அது குறுகிய இருப்புப் பாதையாக மாற்றப்பட்டது. அதில் டாப் ஸ்டேஷன் வரை வந்த தேயிலைப் பெட்டிகள் ரோப்வேயில் தொங்கிக்கொண்டு கொட்டகுடிக்கு இறங்கின. அங்கிருந்து மாட்டு வண்டியில் போடிக்கு வந்தன. 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அந்த இருப்புப் பாதையை அடித்துச் சென்றுவிட்டது. 1928இல் மதுரையிலிருந்து போடிக்கு இரயில் வந்தது. ஆயினும் இரயில் போடியோடு நின்றுவிடும். மலை ஏறுவதற்கு வேறு வழி வேண்டும்.

அந்த வழியாக வந்து சேர்ந்ததுதான் ஜீப். இரண்டாம் உலகப் போரில் படைவீரர்களுக்காக அமெரிக்காவில் செய்யப்பட்ட வில்லிஸ் ஜீப்பை, 1947 முதல் மகிந்திரா நிறுவனத்தார் நம் நாட்டில் கோத்து விற்கத் தொடங்கினர். நான்கு சக்கரங்களுக்கும் இழுவிசை தரும் அவ்வண்டி, மலைத் தோட்டங்களுக்கென்றே பிறந்தது போல் ஆயிற்று. போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. தேனி மாவட்டத்துக் கொழுக்குமலைக்கு, கேரளத்துச் சூரியநெல்லி வழியாகச் சுற்றிக்கொண்டு ஜீப்பில்தான் ஏறுகிறார்கள். இப்பாதைகளில் ஓடும் வண்டிக்கு ஓய்வு இல்லை. ஏறும்போது முழு இழுப்பு. இறங்கும்போது முழுத் தாங்கல்.

அச்சுக்குள் என்ன இருக்கிறது?

ஜீப்பின் எஞ்சின் முன்னே இருக்கிறது. அதன் சுழற்சியை ஒரு நீண்ட தண்டு பின்னுக்குக் கொண்டு செல்கிறது. தண்டு வண்டியின் நீளவாக்கில் சுழல்கிறது. சக்கரங்களின் அச்சோ குறுக்குவாக்கில் சுழல வேண்டும். ஆகவே சுழற்சியைச் செங்கோணமாகத் திருப்ப இரண்டு பற்சக்கரங்கள் தேவைப்படுகின்றன. தண்டின் முனையில் உள்ள சிறியது பினியன். அதனால் சுற்றப்படும் பெரிய வட்டச் சக்கரத்தைக் 'கிரௌன்' என்பார்கள். வில்லிஸ் சி.ஜே.3பி வகை ஜீப்பில் பினியனுக்கு 8 பற்கள், கிரௌனுக்கு 43 பற்கள். 43ஐ 8ஆல் வகுத்தால் 5.38 வரும். அதாவது தண்டு ஐந்து சுற்றுக்குச் சற்று அதிகமாகச் சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும். வேகம் குறைந்த அந்த அளவுக்கு விசை கூடுகிறது. ஆள் நிறைந்த வண்டி மேட்டில் ஏறுவது இதனால்தான்.

இவ்விரு சக்கரங்களின் பற்களும் ஒன்றோடொன்று பொருந்துவதில்தான் சூட்சுமம் உள்ளது. மிக நெருங்கினால் பற்களுக்கிடையே எண்ணெய் நிற்க இடமில்லாமல் சூடேறித் தேயும். மிக விலகினால் பல் நுனி மட்டும் பட்டு, ஒவ்வொரு முறை வேகம் மாறும்போதும் 'டக் டக்' என்று மோதும். ஆகவே பல்லுக்கும் பல்லுக்கும் இடையே ஒரு சிறு இடைவெளி இருக்க வேண்டும். பழைய ஜீப்புக்கு அது அங்குலத்தில் 0.005 முதல் 0.007 வரை. மில்லிமீட்டரில் சொன்னால் 0.13 முதல் 0.18 வரை. நம் தலைமுடி ஒன்றிரண்டைச் சேர்த்துப் பிடித்தால் எவ்வளவு இருக்குமோ அவ்வளவுதான்!

வார்ப்பிரும்பில் வார்த்த கூட்டை இத்தனை நுட்பமாகத் தொழிற்சாலையில் செய்ய இயலாதா? ஒன்றிரண்டைச் செய்யலாம். ஆயிரக்கணக்கில் செய்யும்போது ஒவ்வொரு கூடும், ஒவ்வொரு பேரிங்கும், ஒவ்வொரு பினியனும் மயிரிழை அளவு மாறுபடவே செய்யும். தையல் வகுப்பில் ஒரே அளவுக்கு வெட்டிய நாற்பது பாவாடைகளையும் தைத்து முடித்து அளந்து பார்த்தால் நாற்பதும் ஒன்றாகவா இருக்கின்றன? எனவே தொழிற்சாலையில் ஒவ்வொரு வண்டியையும் தனித்தனியே அளந்து, குறைவாக உள்ள இடத்தில் தேவையான தடிமனுக்குத் தகடுகளை அடுக்கிச் சரி செய்கிறார்கள். ஆடும் கட்டிலின் காலுக்குக் கீழே அட்டையை மடித்து வைக்கிறோமே, அதே வேலைதான். நாம் கண்ணளவில் செய்வதை அவர்கள் அளவுகோலால் செய்கிறார்கள்.

இதிலிருந்து ஓர் உண்மை விளங்கும். தகடு வெறும் இரும்புத் துண்டு அன்று. அந்த ஒரு வண்டிக்காக ஒருவர் அளந்து எழுதி வைத்த விடை. அதை இடம் மாற்றினால் விடைத்தாளின் எண்களை மாற்றி எழுதியது போலாகும்.

ஐந்து அறை, ஐந்து கட்டு

பழைய ஜீப்பின் பின் அச்சில் தகடுகள் ஐந்து இடங்களில் உள்ளன. நம் சமையலறை அஞ்சறைப்பெட்டியை நினைவில் வைத்துக்கொண்டால் மறக்காது.

முதற்கட்டு, பினியனின் உட்புறப் பேரிங்கின் வெளி வளையத்துக்கும் கூட்டுக்கும் நடுவே இருப்பது. பினியன் கிரௌனை நோக்கி எவ்வளவு உள்ளே வர வேண்டும் என்பதை இது முடிவு செய்கிறது. தகடு கூடினால் பினியன் கிரௌனை நெருங்கும், குறைந்தால் விலகும்.

இரண்டாம் கட்டு, பினியன் தண்டின் மேல் வெளிப்புறப் பேரிங்குக்கு முன் இருப்பது. பேரிங்குகள் எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும் என்பதை இது காக்கிறது. முதற்கட்டுக்கும் இதற்கும் நெருங்கிய உறவு உண்டு. முதற்கட்டில் எவ்வளவு கூட்டுகிறோமோ அவ்வளவையே இதிலும் கூட்ட வேண்டும். இல்லையேல் பேரிங் இறுகிச் சூடேறும்.

மூன்றாவதும் நான்காவதும் கிரௌனைத் தாங்கும் கூண்டின் இடப்புறத்திலும் வலப்புறத்திலும் உள்ள கட்டுகள். ஐந்தாவது, சக்கரத்துக்குச் செல்லும் அச்சின் முனையில், பிரேக் தகட்டுக்குப் பின்னால் இருப்பது. அச்சு முன்னும் பின்னும் அசையும் சிறு அசைவை இது கட்டுப்படுத்துகிறது.

இவை தவிர முன் அச்சில், சக்கரம் திரும்பும் மூட்டின் மேலும் கீழும் கிங்பின் தகடுகள் உண்டு. பழைய ஜீப்பில் இவை 0.003, 0.005, 0.010, 0.030 அங்குலம் என நான்கு தடிமன்களில் வந்தன. மேலும் கீழும் ஒரே அளவாக இருந்தால்தான் உள்ளே இருக்கும் இணைப்பு நடுவில் நிற்கும். இங்குத் தகடு குறைந்தால் ஸ்டியரிங் இறுகும். கூடினால் சக்கரம் ஆடும். கொண்டை ஊசி வளைவில் இரண்டுமே ஆபத்து.

இடமும் வலமும்: ஒரு சிறு கணக்கு

மூன்றாம், நான்காம் கட்டுகளில்தான் பெரும்பாலான தவறுகள் நேர்கின்றன. இதை ஒரு கணக்கால் விளக்குவோம்.

ஒரு ஜீப்பில் இடப்பக்கத் தகடுகளின் மொத்தத் தடிமன் 1.00 மி.மீ. என்றும், வலப்பக்கத்தில் 0.80 மி.மீ. என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டையும் கூட்டினால் 1.80 மி.மீ. இந்தக் கூட்டுத்தொகைதான் பேரிங்குகளின் இறுக்கத்தைத் தீர்மானிக்கிறது. ஆனால் கிரௌன் எந்த இடத்தில் நிற்கும் என்பதைத் தீர்மானிப்பது கூட்டுத்தொகை அன்று; அதை எப்படிப் பங்கிட்டோம் என்பதே.

இப்போது இரண்டு கட்டுகளும் மாறிப் போனதாகக் கொள்வோம். இடப்பக்கம் 0.80, வலப்பக்கம் 1.00. கூட்டுத்தொகை அதே 1.80தான். கூண்டைக் கையால் சுற்றிப் பார்த்தால் பேரிங் முன்பு போலவே நன்றாக இருக்கும். போல்ட்டுகள் ஒழுங்காக இறுகும். ஒரு தகடுகூட மிஞ்சாது. "எல்லாம் சரி" என்று மனம் சொல்லும். ஆனால் கிரௌன் 0.20 மி.மீ. இடப்பக்கம் நகர்ந்துவிட்டது! பற்களின் இடைவெளியே 0.15 மி.மீ. அளவுதான் என்பதை நினைவிற் கொள்க. கிரௌன் நகர்வதில் பெரும்பங்கு இடைவெளியில் தெரியும். கிரௌன் பினியனிலிருந்து விலகும் திசையில் நகர்ந்திருந்தால் இடைவெளி ஏறக்குறைய இரு மடங்காகும். நெருங்கும் திசையில் நகர்ந்திருந்தால் இடைவெளியே இல்லாமற் போகும்.

ஆகவே, தகடு ஒன்று தொலைந்தால் பேரிங் தளர்ந்து தன் குறையைக் காட்டிக் கொடுக்கும். தகடுகள் இடம் மாறினால் ஒன்றுமே காட்டாது. தொலைந்ததைவிட மாறியதே பெரிய ஆபத்து. வண்டி ஓடத் தொடங்கிய பிறகே 'ஊ...' என்ற ஊளைச் சத்தம் கேட்கும். அதுவும் இரைச்சல் மிகுந்த ஜீப்பில் எத்தனை பேர் காதில் விழும்?

மலையில் ஏன் இது உயிர்ப் பிரச்சினை?

சமவெளியில் ஓடும் வண்டியில் பற்களின் ஒரு பக்கம்தான் பெரிதும் உழைக்கிறது. மலையில் அப்படியன்று. ஏறும்போது எஞ்சின் சக்கரத்தைத் தள்ளுகிறது. பல்லின் முன்பக்கம் சுமை தாங்குகிறது. இறங்கும்போது ஓட்டுநர் முதல் கியரிலோ இரண்டாம் கியரிலோ வண்டியைப் பிடித்து இறக்குகிறார். அப்போது சக்கரம் எஞ்சினைத் தள்ளுகிறது. பல்லின் பின்பக்கம் சுமை தாங்குகிறது. ஆகவே பொருத்தம் தவறிய பற்கள் மலையில் இரண்டு பக்கமும் தேய்கின்றன. அன்றாடம் ஏறி இறங்கும் வண்டியில் தேய்மானம் விரைந்து வளர்ந்து, ஒரு நாள் பல் முறியலாம்.

பல் முறிந்தால் எஞ்சின் பிடிப்புப் போய்விடும். இங்கே நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழைய வில்லிஸ் வகை ஜீப்புகளில் கைப்பிரேக் சக்கரங்களில் இல்லை. கியர்ப் பெட்டியை அடுத்து, பின்னுக்குச் செல்லும் தண்டின் தலைப்பில் இருக்கிறது. அதாவது கைப்பிரேக் தண்டைத்தான் பிடிக்கிறது. தண்டு பினியனையும், பினியன் கிரௌனையும், கிரௌன் சக்கரத்தையும் பிடிக்க வேண்டும். நடுவில் பல் முறிந்தால் கைப்பிரேக் தண்டை இறுகப் பிடித்துக்கொண்டு நிற்கும். பின் சக்கரம் தன் போக்கில் உருளும்! கால் பிரேக் ஒன்றே துணை. அதையும் இறக்கம் முழுவதும் மிதித்தபடியே வந்தால் சூடேறிப் பிடிப்புக் குறையும். ஒரு மெல்லிய தகட்டின் கணக்கு, மலைச்சரிவில் ஒரு வண்டி நிறைய மனிதர்களின் உயிரோடு இவ்வாறு கட்டுண்டு கிடக்கிறது.

கணக்குத் தவறாமல் காப்பது எப்படி?

நல்ல மெக்கானிக் ஸ்பானரை எடுப்பதற்கு முன் பென்சிலை எடுப்பார். அவர் செய்யும் முறையை வரிசையாகப் பார்ப்போம்.

முதலாவது, பிரிப்பதற்கு முன்பே அளக்க வேண்டும். கிரௌனின் பல் ஒன்றில் டயல் கேஜை முட்டி நிறுத்தி, முன்னும் பின்னும் அசைத்து இடைவெளியைக் குறித்துக்கொள்ள வேண்டும். பற்களில் வண்ணப் பசையைத் தடவிச் சுற்றினால், பல்லோடு பல் எங்கே படுகிறது என்பது தடமாகத் தெரியும். அதையும் படமாக வரைந்துகொள்ள வேண்டும். பிரித்த பிறகு இந்தச் செய்தியை யாரும் திரும்பப் பெற முடியாது.

இரண்டாவது, அடையாளமிட வேண்டும். கூண்டைத் தாங்கும் பேரிங் மூடிகள் இரண்டும் பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள் போலிருக்கும். ஆனால் கூட்டோடு சேர்த்தே கடையப்பட்டவை; ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தாது. இடது மூடியிலும் கூட்டிலும் ஒரு புள்ளி, வலது மூடியிலும் கூட்டிலும் இரு புள்ளிகள் எனப் பஞ்சால் தட்டிக்கொள்ள வேண்டும். 'இடது' என்பது எவர் பார்வையில் என்பதிலும் குழப்பம் வரக்கூடாது. ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து முன்னோக்கிப் பார்க்கும்போது எது இடமோ அதுவே இடம். வண்டிக்குப் பின்னால் குனிந்து நின்று வேலை செய்பவருக்கும் அதுவே வழக்கம். வண்டியின் அடியில் தலைகீழாகப் படுத்து வேலை செய்பவருக்கும் அதுவே வழக்கம்.

மூன்றாவது, ஒரு பக்கத்தைக் கழற்றி, அதன் தகடுகளைப் பத்திரப்படுத்திய பிறகே மறுபக்கத்தைத் தொட வேண்டும். எல்லாவற்றையும் மண்ணெண்ணெய்த் தட்டில் ஒன்றாகப் போட்டு ஊறவைப்பதுதான் பெரிய கேடு. எடுத்தவுடன் துடைத்து, ஒவ்வொரு கட்டையும் தனியே ஒரு கம்பியில் கோத்து, எண்ணெய் படாத சீட்டொன்றைக் கட்டி, 'பின் அச்சு, கூண்டு, இடது' என்று எழுதி ஆணியில் மாட்டிவிட வேண்டும். அல்லது வீட்டில் ஒதுக்கிய பழைய அஞ்சறைப்பெட்டி ஒன்றைப் பட்டறைக்குக் கொடுத்து உதவலாம். மிளகு அறையில் கடுகு விழுந்தால் குழம்புதான் கெடும். இங்கே அறை மாறினால் அச்சே கெடும்.

நான்காவது, எண்ணிக்கையை நம்பாமல் தடிமனை அளக்க வேண்டும். எண்ணெய்ப் பசையால் இரண்டு தகடுகள் ஒட்டிக்கொண்டு ஒன்று போல் தோன்றும். சில வேளை ஒரு தகடு கூட்டின் குழிக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு கண்ணுக்குத் தப்பிவிடும்; விரல் விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றையும் மைக்ரோமீட்டரில் பிடித்துப் பார்த்து எழுதி, அடியில் கூட்டுத்தொகை போட வேண்டும். பின்பு முழுக் கட்டையும் சேர்த்துப் பிடித்து அளக்க வேண்டும். இரண்டும் ஒத்திருந்தால் கணக்குச் சரி. ஒத்திராவிட்டால் இடையில் அழுக்கோ, ஓரத்தில் பிசிறோ இருக்கிறது என்று பொருள்.

ஐந்தாவது, கிழிந்த தகட்டுக்கு மாற்றாக அதே தடிமனுள்ள எஃகுத் தகட்டையே போட வேண்டும். எண்ணெய் டின்னை வெட்டிப் போடுவதும், அட்டையை நறுக்கிச் செருகுவதும் சில நாள் தாங்கும்; பிறகு நசுங்கிவிடும். நசுங்கிய அளவு இறுக்கம் குறையும். அடுக்கும்போது மெல்லிய தகடுகளைத் தடித்த தகடுகளுக்கு நடுவே வைத்தால் மடங்காமலும் கிழியாமலும் இருக்கும்.

கடைசியாக, மாட்டி முடித்த பின் மீண்டும் அளக்க வேண்டும். பழைய தகடுகளைப் பழைய இடத்திலேயே போட்டாலும், புதிய பேரிங் மாற்றியிருந்தால் அதன் அகலம் சிறிது வேறுபடலாம். அப்போது பழைய கணக்கு முடிந்த விடையன்று, தொடங்கும் இடம். கிரௌனையும் பினியனையும் மாற்றும்போது அவை எப்போதும் சோடியாகவே வரும். ஒன்றோடொன்று இழைத்துப் பொருத்திய சோடி அது. ஒரு சோடியின் கிரௌனோடு வேறு சோடியின் பினியனைச் சேர்க்கக்கூடாது. பினியனின் தலையில் கூட்டல் அடையாளத்தோடோ கழித்தல் அடையாளத்தோடோ ஓர் எண் பொறித்திருப்பார்கள். அது ஆயிரத்தில் எத்தனை அங்குலம் மாறுபாடு என்பதைக் குறிக்கும். பழைய பினியனில் 0, புதியதில் –2 என்றிருந்தால் 0.002 அங்குலம் தகடு கூட்ட வேண்டும். பழைய கட்டின் அளவு குறிக்கப்பட்டிருந்தால் இது ஒரு நிமிடக் கணக்கு. குறிக்காமல் தொலைத்திருந்தால் கோத்து, அளந்து, பிரித்து, மறுபடி கோத்து என்று நாள் முழுதும் போய்விடும்.

தண்ணீரிலும் இதே சட்டம்

இந்த முறை மலைக்கு மட்டும் உரியதன்று. கடலிலும் ஏரியிலும் ஓடும் விசைப்படகுகளில் 'ஸ்டெர்ன் டிரைவ்' என்ற ஒரு வகை உண்டு. 1959ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு வோல்வோ பென்டா நிறுவனத்தார் இதனை விற்பனைக்குக் கொண்டுவந்தனர். இதில் எஞ்சின் படகுக்குள்ளேயே இருக்கும். சுழலியோடு கூடிய கால் போன்ற பகுதி படகின் பின்புறம் தண்ணீரில் தொங்கும். எஞ்சினின் சுழற்சி முதலில் கிடையாக வந்து, பிறகு செங்குத்தாக இறங்கி, மறுபடியும் கிடையாகத் திரும்பிச் சுழலியைச் சுற்ற வேண்டும். ஆகவே ஜீப்பில் ஒரு முறை நிகழும் செங்கோணத் திருப்பம் இங்கே இரு முறை நிகழ்கிறது. மேலே ஒரு தொகுதிப் பற்சக்கரங்கள், கீழே ஒரு தொகுதி. இரண்டுக்கும் தனித்தனித் தகடுகள். மேல் தகடு கீழே போனாலோ, முன் தகடு பின்னே போனாலோ விளைவு நாம் மேலே கண்டதேதான். நடு ஏரியில் பல் முறிந்தால் இறங்கி நடக்கவும் வழியில்லை. எனவே படகைப் பழுது பார்ப்போரும் கம்பியில் கோத்து, சீட்டு எழுதி, இடம் குறித்தே தகடுகளைக் காக்கின்றனர்.

நாமும் செய்யலாமே!

"இது ஆண்கள் வேலை அல்லவா?" என்று சிலர் எண்ணக்கூடும். 1888ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், மோட்டார் வண்டியை உருவாக்கிய கார்ல் பென்ஸின் மனைவி பெர்த்தா பென்ஸ், தம் இரு மகன்களுடன் செர்மனியில் மன்னைம் நகரிலிருந்து ஃபோர்சைம் நகருக்கு அந்த வண்டியை ஓட்டிச் சென்றார். வழியில் எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பி ஊசியால் குத்திச் சரி செய்தார். இறக்கங்களில் பிரேக் தேய்ந்தபோது, செருப்புத் தைப்பவரிடம் தோல் அடித்து வாங்கினார். மேடேற வண்டிக்கு இன்னொரு கியர் வேண்டும் என்பதையும் அப்பயணமே காட்டிற்று. வழி நெடுகத் தாம் கண்ட குறைகளைக் கவனித்து வைத்ததால் வண்டி வளர்ந்தது.

கவனித்து வைப்பது நமக்குப் புதிதா? நம் போடி, ஏலக்காயை 8 மி.மீ., 7 மி.மீ. என்று சலித்துத் தரம் பிரிக்கும் ஊர். அந்த வேலையில் பெரும்பாலும் பெண்களின் கைகளே இருக்கின்றன. ஒரு மில்லிமீட்டர் வேற்றுமையில் விலை மாறும் என்பதை அறிந்த கைகளுக்கு, கால் மில்லிமீட்டர் தகட்டின் அருமை விளங்காமற் போகுமா? தொழிற்பயிற்சி நிலையங்களில் மோட்டார் மெக்கானிக் பிரிவு பெண்களுக்கும் திறந்தே இருக்கிறது. இயற்பியலில் படித்த திருகு அளவியைக் கையில் எடுக்க அங்கே இடம் உண்டு.

பட்டறைக்குப் போகாதவர்களுக்கும் இதில் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. நம் வீட்டாரோ அக்கம்பக்கத்தாரோ ஜீப் வைத்திருந்தால், வண்டியின் பெயரில் ஒரு நோட்டுப் போட்டுக் கொடுக்கலாம். எந்தத் தேதியில் எதைப் பிரித்தார்கள், இடப்பக்கம் எத்தனை தடிமன், வலப்பக்கம் எத்தனை, பல் இடைவெளி எவ்வளவு, எந்தப் பேரிங் மாற்றினார்கள் என்று அதில் எழுதி வைக்கலாம். அடுத்த முறை அந்த அச்சைத் திறப்பவர் வேறு ஒருவராக இருந்தாலும் இந்த நோட்டு அவருக்கு வழி காட்டும். வேலை முடிந்து வந்த வண்டியில் புதிதாக ஊளைச் சத்தம் கேட்டால், "பழகினால் சரியாகிவிடும்" என்று விடாமல், திரும்பக் கொண்டுபோய் அளந்து பார்க்கச் சொல்லவும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஏறும்போது மட்டும் கேட்கிறதா, இறங்கும்போது மட்டும் கேட்கிறதா என்று குறித்துச் சொன்னால் மெக்கானிக்கிற்குப் பாதி வேலை குறையும். பல்லின் எந்தப் பக்கம் துன்பப்படுகிறது என்பதை அது சொல்லிவிடும்.

ஆகவே தோழியரே, இந்த ஆண்டு கோடை விடுமுறையில் ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து, மேலே வண்டியின் எண்ணை எழுதி, ஐந்து கட்டங்கள் கிழித்து, உங்களுக்குத் தெரிந்த ஒரு ஓட்டுநரிடம் கொடுங்கள். கட்டங்களை நிரப்புவது அவர் பொறுப்பு. நிரப்பினாரா என்று கேட்பது நம் பொறுப்பு.